சிப்பாயின் ஊனப் பென்ஷனும் அப்பீல் உரிமையும்

வேலூர் லாங் பஜாரிலே நிற்கும் மணிக்கூண்டை நம்மவருள் பலர் கண்டிருப்பர். அதிற் பதித்துள்ள கல்லொன்று, இவ்வூரினின்றும் 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த மகாயுத்தத்திற்கு 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அறிவிக்கின்றது. கழித்துக் கணக்கிடுவார்க்கு எஞ்சிய தொகை 263 என்பது விளங்கும். அந்த 263 பேரும் எந்நிலையில் ஊர் திரும்பினர், எத்தனை பேர் காலிழந்தனர், எத்தனை பேர் தீரா நோயோடு திண்ணையிற் கிடந்தனர் என்பதைக் கல் கூறவில்லை. இறந்தார்க்குக் கல் உண்டு. ஊனமுற்றார்க்கு உள்ளது காகிதமே. அக்காகிதத்தின் சரித்திரத்தையே ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

நமது சங்கப் பத்திரிகையிலே குலவரலாறும், கோயில் திருப்பணியும், மாணவர் கல்வி நிதியும் பேசப்பட்டு வர, பட்டாளத்துப் பென்ஷனைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவாம். சில மாதங்களுக்கு முன்னர் நம் அங்கத்தினர் குடும்பத்து மூதாட்டியார் ஒருவர், டிரங்குப் பெட்டியின் அடியில் முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கிடந்த கடிதம் ஒன்றை நம்மிடம் கொணர்ந்தார். அவருடைய கணவர் எட்டாண்டுகள் சிப்பாயாக இருந்தவர். காஷ்மீரத்துப் பனிமலைகளிற் காவல் புரிந்து, மூட்டுகள் முடங்கி, 1986-ம் ஆண்டிலே வைத்தியக் குழுவால் விலக்கப்பட்டார். ஊனம் நூற்றுக்கு 30 என்று அக்குழு மதிப்பிட்டது. ஆயினும் நோய் இராணுவப் பணியால் நேர்ந்ததும் அன்று, பணியாற் பெருகியதும் அன்று என்று முடிவு கூறிப் பென்ஷன் மறுக்கப்பட்டது. எட்டாண்டுப் பணிக்குச் சாதாரணப் பென்ஷனும் இல்லையாதலின், கையிற் கிடைத்த சிறு தொகையோடு அவர் வீடு வந்து சேர்ந்தார். இன்றும் உளர், பிறர் துணையின்றித் திண்ணையை விட்டு இறங்க மாட்டார்.

"சர்க்காரே இல்லை என்று எழுதிவிட்டதே, ஐயா; அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று அம்மூதாட்டியார் கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. பின்னர்த் தேடியறிந்தவற்றை நம் குடும்பத்தார் யாவரும் அறிதல் நலமென்று கருதி வெளியிடுகின்றோம். சர்க்கார் இல்லையென்று எழுதியதற்கு மேலும் வழி உண்டு என்பதே நாம் கண்ட முடிபு. அவ்வழி ஒரு நாளில் ஏற்பட்டதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு. அவ்வரலாறு முழுவதும் ஒரே வினாவைச் சுற்றியே நடந்துளது. ஊனம் பணியால் வந்ததோ அன்றோ என ஐயம் எழுந்தால், அவ்வையத்தின் பயன் சிப்பாயைச் சேர்வதா, சர்க்காரைச் சேர்வதா என்பதே அவ்வினா.

உபகாரமாய் இருந்த காலம்

பென்ஷன் என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் உபகாரச் சம்பளம் என்பது. அப்பெயரிலேயே பழைய கருத்து அடங்கிக் கிடக்கின்றது. உபகாரம் செய்வோன் தன் மனமுவந்து செய்கின்றான். செய்யாதொழியின் அவனை வழக்கிற்கு இழுப்பார் இல்லை.

1744-ம் ஆண்டிலே சென்னைக் கோட்டையிற் குமாஸ்தாவாக வந்திறங்கிப் பின்னர்ப் பெருஞ் செல்வரான ராபர்ட் கிளைவ், வங்காளத்து நவாப் மீர் ஜாபர் தமக்கு விட்டுச்சென்ற 5 லட்சம் ரூபாயைக் கொண்டு 1770-ல் ஒரு நிதி நிறுவினார். கம்பெனிப் பணியிற் காயமுற்றும் நலிவுற்றும் விலகும் படையினர்க்கும், அவர்தம் விதவைகட்கும் உதவுவது அதன் நோக்கம். நிதி நல்லதே. எனினும் அது ஒரு பிரபுவின் தர்மம். தர்மத்திற்கு அப்பீல் ஏது?

கம்பெனியின் ஆட்சி நீங்கி மகாராணியாரின் ஆட்சி வந்த பின்னும் இக்கருத்து மாறிற்றில்லை. சட்டமாக உறுதியும் பெற்றது. 1871-ம் ஆண்டின் 23-வது சட்டமாகிய பென்ஷன் சட்டத்தின் 4-வது பிரிவு, சர்க்கார் அளித்த பென்ஷன் எதனைப் பற்றியும் சிவில் கோர்ட்டு வழக்கை ஏற்றல் கூடாது என்று விதித்தது. கோரிக்கை உடையார் ஜில்லாக் கலெக்டரிடம் மனுச் செய்துகொள்ளலாம். கலெக்டர் அத்தாட்சி கொடுத்தாலன்றிக் கோர்ட்டு வாசலை மிதிக்கலாகாது. அச்சட்டத்திலேயே பென்ஷன் பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்யலாகாது என்ற நற்பிரிவும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆயின் கொடுத்த பென்ஷனைக் காத்த சட்டம், கொடாத பென்ஷனைக் கேட்க வழியை அடைத்தது.

இரு மகாயுத்தங்கள்

முதல் மகாயுத்தத்தில் இந்தியாவினின்றும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். 74,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இங்கிலாந்திலோ ஊனமுற்று மீண்டார் தொகை பெருகவே, பென்ஷன்களுக்கென்றே 1916-ல் தனி மந்திரி இலாகா ஏற்பட்டது. மறுத்த அதிகாரியிடமே மறுபடியும் முறையிடுவதிற் பயனில்லை என்று படைவீரர் கிளர்ச்சி செய்ததன் விளைவாக, இலாகாவுக்குப் புறம்பான பென்ஷன் அப்பீல் நியாயசபைகள் 1919-ம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தன. மறுப்பவன் ஒருவன், அம்மறுப்பைச் சோதிப்பவன் வேறொருவன் என்னும் நியதி அப்போதுதான் வேரூன்றியது.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. நோய் பணியால் வந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை சிப்பாயின் தலைமேலேயே இருந்தது. அகழியிற் கிடந்தவன் எந்த நாளில், எந்த ஈரத்தில், எந்தக் கிருமி உட்புகுந்தது என்று சாட்சி வைத்திருப்பானா? ஆஸ்பத்திரிக் குறிப்புகளும் பணிப் புத்தகங்களும் இருப்பது இலாகாவின் அலமாரியில். சான்றுகளை ஒருவன் பூட்டி வைத்திருக்க, மெய்ப்பிக்கும் பொறுப்பை மற்றவன் சுமந்து நிற்பது நியாயமன்று.

இரண்டாம் மகாயுத்தத்தின் நடுவே, 1943-ல், இக்குறை நீங்கலாயிற்று. அவ்வாண்டு வந்த புதிய அப்பீல் சட்டத்தோடு பென்ஷன் சாசனமும் திருத்தப்பட்டது. கோருவோன் தன் உரிமையை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. நியாயமான ஐயம் இருப்பின் அதன் பயன் அவனுக்கே உரியது என்று விதி ஏற்பட்டது. 1945 முதல் இவ்வப்பீல்களை விசாரித்த டென்னிங் என்னும் நீதிபதி, 1947-ல் ஒரு வழக்கிலே இதன் பொருளை விளக்கினார். கிரிமினல் வழக்கிற் குற்றத்தை எத்துணை உறுதியாக மெய்ப்பிக்க வேண்டுமோ அத்துணை உறுதியாக, நோய் பணியால் வந்ததன்று என்று மந்திரி இலாகா மெய்ப்பித்தல் வேண்டும். ஆயின் ஐயத்தின் நிழல்தானும் இருத்தலாகாது என்பதில்லை என்பது அதன் கருத்து. இன்றும் கிரிமினல் வழக்கறிஞர் எடுத்துப் பேசும் அவ்விளக்கம், ஒரு படைவீரரின் பென்ஷன் வழக்கிற் பிறந்தது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

இந்நியாயசபைகள் இங்கிலாந்துப் படையினர்க்காக ஏற்பட்டவை. அதே யுத்தத்தில் 25 லட்சம் பேர் வரை சேர்ந்திருந்த இந்தியப் படையின் சிப்பாய்க்கோ இந்நாட்டுப் பென்ஷன் விதிகளும், 1871-ம் ஆண்டுச் சட்டமுமே முன்னின்றன.

சுதந்திரத்தின் பின்

1950 ஜனவரி 26-ல் அரசியற் சட்டம் அமலுக்கு வந்தபோது ஒரு கதவு திறந்தது. அதன் 226-வது பிரிவின்படி, சர்க்கார் செய்த அநீதியை நீக்குமாறு எந்தக் குடியானவனும் ஹைக்கோர்ட்டில் மனுச் செய்யலாம். எனினும் பழைய பென்ஷன் சட்டம் குறுக்கே நிற்கின்றது என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. 1971-ல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தைத் தள்ளிற்று. பென்ஷன் சர்க்காரின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, ஊழியனின் சொத்து என்றும், சிவில் வழக்கைத் தடுக்கும் அச்சட்டம் அரசியற் சட்டத்தின் கீழ்ச் செய்யும் மனுவைத் தடுக்காது என்றும் அது தீர்ப்பளித்தது. 1982 டிசம்பர் 17-ல் ஐந்து நீதிபதிகள் கூடியிருந்து இக்கொள்கையை மேலும் வலியுறுத்தினர். ஓய்வு பெற்றோர் டிசம்பர் 17-ஐப் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுவது இத்தீர்ப்பின் நினைவாகவே. உபகாரச் சம்பளத்தினின்றும் உபகாரம் உதிர்ந்த நாள் அதுவெனலாம்.

நிற்க. ஊனப் பென்ஷனுக்கென 1961-ம் ஆண்டு இராணுவப் பென்ஷன் விதிகளின் 173-வது விதி இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஊனம் பணியால் நேர்ந்ததாகவேனும், முன்பே இருந்து பணியாற் பெருகியதாகவேனும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. நூற்றுக்கு 20-க்குக் குறையாது இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. பின்னர் 1982-ம் ஆண்டிலே வந்த உரிமை விதிகள், இங்கிலாந்திலே 1943-ல் ஏற்பட்ட கொள்கையை இந்நாட்டுச் சிப்பாய்க்கு வழங்கின. அவற்றுள் நம்மவர் மனத்திற் கொள்ளத்தக்கவை மூன்று. பட்டாளத்திற் சேருங்கால் குறித்து வைக்கப்படாத நோய் எதுவும் அவனுக்கு அப்போது இல்லை எனக் கொள்ளப்படும். வைத்தியக் காரணத்தால் விலக்கப்படின், உடல் நலிந்தது பணியால் என்றே கொள்ளப்படும். கோருவோன் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. நியாயமான ஐயத்தின் பயன் அவனுக்கே.

இத்துணை தெளிவான விதி இருந்தும் மறுப்புக் கடிதங்கள் குறைந்தனவில்லை. வைத்தியக் குழு ஒரு வரியிலே, நோய் உடலின் இயற்கையால் வந்தது, பணியோடு தொடர்பற்றது என்று எழுதும், காரணம் எழுதாது. சில வேளைகளிற் குழு உரிமை உண்டென்று எழுதியிருப்பினும், பென்ஷன் கணக்கு அதிகாரிகள் நோயாளியைக் காணாமலே மாற்றி எழுதினர். மறுபடி உடலைப் பரிசோதியாமல் அவ்வாறு செய்தல் தகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-ல் கண்டித்தது. பணியால் நேர்ந்ததும் அன்று, பெருகியதும் அன்று என்னும் முடிவைப் பட்டாளத்துக் காரியாலயங்களிலே நான்கு ஆங்கில எழுத்துக்களாற் சுருக்கி "நானா" என வழங்குவர். தமிழ்ச் சிப்பாயின் செவிக்கு அச்சொல் கேள்வியாகவே ஒலிக்கும். இருபது வயதிலே வைத்தியர் பரிசோதித்து வலியவன் என்று சேர்த்துக்கொண்ட உடம்பை நோயுறச் செய்தவன் நானா?

2013-ம் ஆண்டின் தீர்ப்பு

இக்கேள்விக்குச் சுப்ரீம் கோர்ட்டு 2013 ஜூலை 2-ல் விடையளித்தது. சிக்னல் படையில் ஏறக்குறைய 9 ஆண்டுகள் பணி செய்து, வலிப்பு நோயால் விலக்கப்பட்ட சிப்பாய் ஒருவரின் வழக்கு அது. ஊனம் நூற்றுக்கு 20 என்று மதிப்பிட்ட வைத்தியக் குழு, நோய் உடலியற்கையால் வந்தது என்று எழுதிற்று. இலாகா அப்பீல் தோற்றது. ஹைக்கோர்ட்டின் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்த்தார். இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை மாற்றிற்று. இறுதியில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் பட்நாயக், முகோபாத்யாயா இருவரும் 1982-ம் ஆண்டு விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தனர். சேர்க்கும்போது நோயைப் பற்றிய குறிப்பு ஒன்றும் இல்லை. பின்னர் அது பழைய நோயென்று குழு கருதினால், சேர்க்குங்கால் ஏன் கண்டறியக் கூடவில்லை என்பதற்குக் காரணம் எழுதுதல் வேண்டும். காரணமில்லாத முடிவைக் கொண்டு பென்ஷனை மறுத்தல் கூடாது என்று கூறிச் சிப்பாய்க்குப் பென்ஷன் அளித்தனர்.

அடுத்த ஆண்டு, 2014 டிசம்பர் 10-ல், மற்றொரு நன்மையும் கிட்டிற்று. நூற்றுக்கு 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை 1996 ஜனவரி 1 முதல் உண்டு. இடையில் விலக்கப்பட்டார்க்கே அது உரியது என்று அதிகாரிகள் கூறிவந்தனர். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்ற ஊனமுற்றார்க்கும் உரியது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கின்படி, முழு ஊனத்திற்கு ஊனத் தொகை கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 ஆகும். நூற்றுக்கு 50 ஊனம் என்றால் அதிற் பாதி, அதாவது 15.

செல்லும் வழி

இனி, வழியைச் சுருங்கக் கூறுவாம். மறுப்புக் கடிதம் கிடைத்ததும் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அது தோற்பின் இரண்டாம் அப்பீல். இவ்விரண்டும் இராணுவ இலாகாவுக்குள்ளேயே நடப்பன. அதற்கு மேல், 2007-ம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு 2009 ஆகஸ்டு 8-ல் தொடங்கப்பெற்ற ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. அதன் கிளையமர்வு ஒன்று சென்னையிலேயே இருக்கின்றது. ஓய்வு பெற்றாரும், அவர்தம் வாரிசுகளும் அதில் மனுச் செய்யலாம். அதற்கும் மேலாக ஹைக்கோர்ட்டின் 226-வது பிரிவு அதிகாரம் அற்றுப்போகவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் தெளிவுபடுத்தியுள்ளது.

முப்பதாண்டு கடந்த கடிதத்திற்கும் இது பொருந்துமோ எனின், பொருந்தும். ஊனப் பென்ஷன் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் கூறியதாவது: மாதந்தோறும் கிடைக்க வேண்டிய பென்ஷன் மறுக்கப்படுங்கால், அத்தவறு மாதந்தோறும் தொடர்கின்றது, ஆதலின் காலதாமதத்தால் உரிமை அழிவதில்லை. ஆயின் பின்பாக்கி மனுச் செய்த நாளுக்கு முந்திய மூன்றாண்டுகளுக்கே கிடைக்கும். டிரங்குப் பெட்டியில் உறங்கும் கடிதம் உரிமையைக் கொல்வதில்லை. ஆண்டுதோறும் பணத்தை மட்டும் விழுங்குகின்றது.

ஒன்று எச்சரிக்கையாகக் கூறவேண்டும். எல்லா நோயும் பணியால் வந்தவை அல்ல. சேர்ந்தபோதே குறித்து வைத்த குறைக்கும், தன் ஒழுக்கக் கேட்டால் தானே தேடிக்கொண்ட கேட்டுக்கும் சர்க்கார் பொறுப்பாதல் நியாயமன்று. பொய்க் கோரிக்கை ஒன்று செல்லின், பின்வரும் மெய்க் கோரிக்கை பத்தும் சந்தேகிக்கப்படும். அன்றியும் விதிகள் மாறியுள்ளன. 2008-ம் ஆண்டு விதிகளின்படி, விலகி 15 ஆண்டு கழித்துக் கோருவோன் தானே மெய்ப்பித்தல் வேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் பணி நீங்குவார்க்கு வேறு புதிய விதிகள் வந்துள்ளன. ஆகவே விலகிய தேதி எது, அதற்குரிய விதி எது என்பதை முதலிற் பார்த்த பின்னரே மனு எழுதுதல் வேண்டும். சிப்பாய்க்குக் கிடைத்த ஐயத்தின் பயன் என்றும் நிலைத்திருக்கும் என்று கருதி அயர்ந்திருத்தல் கூடாது.

நம்மவர் கடமை

இச்சரித்திரத்தை நோக்குமிடத்து ஒன்று புலனாகின்றது. விதி நல்லதாயினும், கேட்பார் இல்லையேல் அது ஏட்டளவில் நின்றுவிடும். 1982-ம் ஆண்டு விதி 1986-ல் நம் மூதாட்டியாரின் கணவரை விலக்கிய நாளிலேயே உயிரோடு இருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொல்வார் அருகில் இல்லை. படித்தவரும் சர்க்கார் எழுத்து தலையெழுத்து என்று எண்ணினர். ஒரு குடும்பத்தின் முப்பதாண்டுக் கஷ்டம் இவ்வாறு நேர்ந்தது. அன்று நம் சங்கமும் இருந்தது. நாமும் கேட்டோமில்லை.

ஆதலால் நம் அங்கத்தினர்க்கு மூன்று வேண்டுகோள் செய்கின்றோம். முதலாவது, படையிலிருந்து வந்த ஒவ்வொருவர் வீட்டிலும் டிஸ்சார்ஜ் புத்தகம், வைத்தியக் குழு முடிவு, மறுப்புக் கடிதம் ஆகியவற்றைக் காப்பாற்றி வைக்க வேண்டும். காகிதம் தொலைந்திருப்பின் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பிரதி கேட்கலாம். இரண்டாவது, மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுக வெட்கப்படலாகாது. பிச்சை கேட்கச் செல்லவில்லை. கணக்குக் கேட்கச் செல்கின்றோம். மூன்றாவது, நம்முள் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் உள்ள இளைஞர், மாதம் ஒரு ஞாயிறு சங்கக் கட்டிடத்திற்கு வந்து, வருவோரின் கடிதங்களைப் படித்துப் பொருள் கூறுதல் வேண்டும். விவாகத் தகவலுக்கும் உபயப் பட்டியலுக்கும் ஒழிக்கின்ற பொழுதில் ஒரு பங்கு இதற்கு ஒழித்தால் போதும்.

அம்மூதாட்டியாரின் கணவருக்காக வைத்தியக் குழுக் காகிதங்களின் பிரதி கேட்டு மனு அனுப்பியுள்ளோம். சேர்ந்தபோது மூட்டு நோய் குறிக்கப்பட்டிருந்ததா, குழு தன் முடிவுக்குக் காரணம் எழுதிற்றா என்பன அவை வந்த பின்னரே தெரியும். முடிவு எதுவாயினும் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். மனுவிலே கையெழுத்திடும்போது பெரியவருக்கு விரல்கள் மடங்கவில்லை. இரு கையாலும் பேனாவைப் பற்றி, தம் பெயருக்குக் கீழே, எவரும் கேளாமலே, தம் பட்டாளத்து நம்பரையும் எழுதினார். ஓர் எண்ணும் பிழையில்லை. அவர் தம் கடமையை மறக்கவில்லை. நாமும் நம் கடமையை மறவாதிருப்போமாக.